பத்து மீட்டர் ரைஃபிள்: கையில் இருக்கிற காசில் ஒரு போட்டி செட் சேர்ப்பது எப்படி?

2022-ல் திருச்சி ரைஃபிள் கிளப்பில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தபோது, நடிகர் அஜித்தைப் பார்க்கக் கூடிய கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? அவர் சுட்டது பிஸ்டல். ஆனால் அதற்குப் பிறகு நிறைய வீடுகளில் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தது "அப்பா, எனக்கு ரைஃபிள்!" கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டதும் அந்த ஆசைக்கு ஒரு காரணம்.

ஆசை சரி. கடையில் விலை கேட்டதும்தான் அப்பாக்களுக்குத் தலை சுற்றுகிறது. ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து வரும் புதிய போட்டி ரைஃபிள் இரண்டு லட்சத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதோடு ஜாக்கெட், பேன்ட், ஷூ, பெல்லட், காற்று. நகையை அடகு வைத்து ரைஃபிள் வாங்கிவிட்டு, பெல்லட் வாங்கக் காசில்லாமல் பிள்ளையை வாரம் ஒருநாள் மட்டும் ரேஞ்சுக்கு அனுப்பும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அவர்களை நினைத்து எழுதியது.

முதலில் ஒரு விஷயம். இங்கே "செட் சேர்ப்பது" என்றால் விற்பனைக்குக் கிடைக்கும் ரைஃபிள், அதன் பின்தகடு, கன்னக்கட்டை, சைட் போன்றவற்றைப் பார்த்துப் பார்த்து வாங்கி உடம்புக்குப் பொருத்துவது. பேரலை மாற்றுவது, ஸ்பிரிங்கை முறுக்கி வேகம் கூட்டுவது எல்லாம் இதில் சேராது. 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. விட்டத்துக்குள் 20 ஜூலுக்கு மிகாத சக்தி உள்ள ஏர் ரைஃபிளுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டர் போட்டி ரைஃபிளின் சக்தி சுமார் 7.5 ஜூல்தான். அதற்கு மேல் சக்தி இருந்தால் இந்த விளையாட்டில் ஒரு பிரயோஜனமும் கிடையாது. "சார், பவர் ஏத்தித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

அரை மில்லிமீட்டர் புள்ளி

காசை எங்கே போடுவது என்று முடிவு செய்ய, அந்தக் குறி அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கணும். மொத்த வட்டமே 45.5 மி.மீ. அதன் நடுவில் இருக்கும் பத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர், அதாவது பால்பாயின்ட் பேனாவால் வைக்கும் ஒரு புள்ளி. பெல்லட்டே 4.5 மி.மீ. என்பதால் வளையத்தின் ஓரத்தைத் தொட்டாலும் கணக்கு உண்டு. தசமக் கணக்கில் ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிடம், மொத்தம் 654. ஒவ்வொரு 0.1-க்கும் இடையே உள்ள தூரம் கால் மில்லிமீட்டர்.

முப்பது வருடம் பழைய, நன்றாகப் பராமரித்த ஒரு போட்டி ரைஃபிளை இரும்புப் பிடியில் இறுக்கி, நல்ல பெல்லட் போட்டுச் சுட்டால், குண்டுகள் ஏறத்தாழ ஒரே ஓட்டை வழியாகப் போகும். புது ரைஃபிளும் அதையேதான் செய்யும். அப்படியானால் புதிதாகக் கற்கும் பிள்ளையின் எட்டும் ஏழும் எங்கிருந்து வருகின்றன? இடுப்பு, தோள், கன்னம், மூச்சு, விரல். பேரலில் இருந்து வருவதில்லை. அதனால் உடம்பைத் தொடும் பாகங்களுக்கு முதலில் காசு, பெல்லட்டுக்கும் ரேஞ்ச் நேரத்துக்கும் அடுத்து, மிச்சம் இருந்தால் பிராண்டுக்கு. கடைக்காரர்கள் சொல்லும் வரிசை இதற்கு நேர் தலைகீழாக இருக்கும்!

எந்த ரைஃபிள்?

முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. பல இடங்களில் கிளப் ரைஃபிளிலேயே பழகலாம். பிள்ளைக்கு இது பிடிக்கிறதா, ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்கும் பொறுமை இருக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். பாதிப் பேர் இங்கேயே விலகிவிடுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிடித்துப்போனால் மூன்று வழி.

நம் நாட்டிலேயே செய்யும் ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்று. விலை குறைவு, காற்று நிரப்பும் தொல்லை இல்லை. பள்ளி அளவிலான போட்டிகளில் 'ஓப்பன் சைட்' பிரிவில் சுட இது போதும். ஆனால் சுடும்போது ஸ்பிரிங்கும் பிஸ்டனும் உள்ளே முன்னும் பின்னும் குதிக்கும்; குண்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் அசையும். அதை அடக்கப் பழகிய பழக்கத்தைப் பிறகு மறக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, பெல்லட் இல்லாமல் இதைச் சும்மா சுட்டுப் பழகக் கூடாது. பிஸ்டன் போய் முட்டிச் சேதமாகும்.

இரண்டாவது வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த, பக்கத்து நெம்புகோலை ஒரு தடவை இழுத்தால் காற்று அடைபடும் வகை: ஃபைன்வெர்க்பாவ் 601, 602, 603, ஆன்ஷுட்ஸ் 2002 போன்றவை. சிலிண்டர் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது, பம்ப் கிடையாது. துல்லியத்தில் இன்றைய ரைஃபிளுக்கு அருகில் நிற்கும். குறை என்னவென்றால் அறுபது தடவை நெம்புகோல் இழுக்கணும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தோள் கழன்றுவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் நிலை கலையும். சீல் தேய்ந்திருந்தால் உதிரிபாகம் தேடி அலையணும். பதினைந்து, பதினாறு வயது தாண்டிய, கை பலமுள்ள ஒருவருக்கு நல்ல நிலையில் இப்படியொன்று கிடைத்தால், யோசிக்காமல் எடுக்கலாம்.

இதையும்விடப் பழைய ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் எழுபதுகளின் சரக்கு. ஸ்பிரிங் வகைதான். ஆனால் சுடும்போது மேல்பகுதி முழுவதும் தண்டவாளத்தில் வழுக்குகிற மாதிரி பின்னால் நகர்ந்து அதிர்வை விழுங்கிவிடும். அழகான இயந்திரம். வைத்துப் பழகலாம், ஆனால் வளரும் பிள்ளைக்குத் தக்கபடி ஸ்டாக்கை மாற்ற வழி குறைவு.

மூன்றாவது, இன்று எல்லோரும் சுடும் சிலிண்டர் வகை. 200 பார் அழுத்தக் காற்று, அதிர்வே தெரியாத சுடுதல். இதில் செகண்ட் ஹேண்ட் வாங்குவதுதான் நடுத்தரக் குடும்பத்துக்கு வழி. சீனியர்கள் புது மாடலுக்கு மாறும்போது பழையது கைமாறும். தேசியப் போட்டி முடிந்த கையோடு கிளப்பில் விசாரித்துப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் கண் எங்கே இருக்கணும்?

முதலில் சிலிண்டர். ரைஃபிளை எவ்வளவு நன்றாகத் துடைத்து வைத்திருந்தாலும் சரி, சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள் கொடுப்பார்கள். தேதி செல்லுபடியாக இருக்கிறதா என்று பார்ப்பது சுடுபவரின் பொறுப்பு என்கிறது போட்டி விதி. என் அக்கா மகளுக்கு நாங்கள் எடுத்த ரைஃபிளில் இரண்டு சிலிண்டர் இருந்தன, "ரெண்டு சிலிண்டர் சார்!" என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால் இரண்டுமே காலாவதி. புது சிலிண்டருக்குக் கொடுத்த காசில் அந்தப் 'பேரம்' கரைந்துபோனது. விலை பேசும்போதே சிலிண்டரைத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

முதல்நாள் மாலை 200 பார் நிரப்பி, அளவுமானியைப் போட்டோ எடுத்து, மறுநாள் காலை வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பிறகு பத்துக் குண்டு, ஒரே பெல்லட், மேசையில் ஊன்றிச் சுட்டுப் பாருங்கள். ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழணும். இறக்குமதி ரசீது, சீரியல் எண், விற்பவரின் அடையாள நகல் எல்லாம் கையோடு வாங்கிவிடுங்கள். வீரர்களுக்கான வரிச் சலுகையில் வந்த ரைஃபிள் என்றால் அதைக் கைமாற்ற நிபந்தனை உண்டா என்று மாநிலச் சங்கத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அடுத்து காற்று. நிரப்ப வேண்டியது உலர்ந்த, சுத்தமான காற்று. ஸ்கூபா டைவிங் சிலிண்டரில் வரும் வகை. கை பம்ப்பும் கிடைக்கிறது, ஆனால் 200 பார் ஏற்றுவதற்குள் உடற்பயிற்சி முடிந்துவிடும். ஆஸ்பத்திரி, வெல்டிங் ஆக்சிஜனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு ஆக்சிஜன் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். இது பயமுறுத்த எழுதுவது இல்லை.

உடம்பைத் தொடும் பாகங்கள்

ரைஃபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்காக அஞ்சரைக் கிலோ தூக்க வைக்கணும் என்று அர்த்தமில்லை! பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைக்கு நாலு கிலோவே அதிகம். முதுகை வளைத்துத் தூக்கிப் பழகினால் பின்னால் இடுப்பு வலி வரும். ஜூனியர் மாடல், அல்லது எடைக் கட்டிகளைக் கழற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள்.

தோளில் பதியும் பின்தகடு மேலும் கீழும் நகரணும், நீளம் கூட்டிக் குறைக்க வரணும். கன்னக்கட்டை உயரமும் அப்படித்தான். பிள்ளை ஒரு வருடத்தில் மூன்று விரற்கடை வளர்ந்துவிடும். மர ஸ்டாக் வளராது. பழைய ரைஃபிளில் ஸ்டாக் ஒத்துவராவிட்டால், நகர்த்தக்கூடிய பின்தகட்டை மட்டும் தனியாக வாங்கிப் பொருத்தலாம். முழு அலுமினிய ஸ்டாக் வாங்குவதைவிட பல மடங்கு மலிவு. ஒரு எச்சரிக்கை: 50 மீட்டர் ரைஃபிளில் அக்குளுக்கு அடியில் போகும் கொக்கி வைத்த பின்தகடு இங்கே செல்லாது. தோளில் மாட்டும் வார்ப்பட்டைக்கும் அனுமதி இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவைத்தால் பரிசோதனை மேசையில் கழற்றச் சொல்வார்கள்.

சைட்டில் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். டெலஸ்கோப் கூடாது; பீப் சைட்தான். பின்சைட்டின் திருகைப் பத்து 'கிளிக்' வலது, பத்து 'கிளிக்' இடது திருப்பினால் குண்டு பழைய இடத்துக்கே வரணும். வந்தால் நல்ல சைட். முன்சைட் வளையத்தைப் பலர் சின்னதாகப் போடுவார்கள், துல்லியம் கூடும் என்று. நடப்பது வேறு. கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை கொஞ்சம் தாராளமாகத் தெரிந்தால்தான் கண் களைக்காது. வளையங்கள் சின்ன விலைதான். இரண்டு மூன்று அளவு வாங்கி மாற்றிப் பாருங்கள். நீட்டுக் குழாய் போட்டு முன்சைட்டைத் தள்ளிவைப்பதாக இருந்தால், இயங்குபகுதியின் (ஆக்‌ஷன்) பின்முனையிலிருந்து குழாய் முனை வரை 850 மி.மீ. வரம்பு உண்டு, அளந்துவிட்டு வாங்கணும்.

ஜாக்கெட்தான் உண்மையான முதலீடு. கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த அது, முதுகைத் தாங்கி அசைவைக் குறைக்கும். நம் நாட்டிலேயே விதிப்படி தைத்துத் தருகிறார்கள், வெளிநாட்டுச் சரக்கு அவசியமில்லை. ஒற்றை மடிப்பில் 2.5 மி.மீ.க்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது, அட்டை மாதிரி விறைப்பாகவும் இருக்கக் கூடாது. அதற்குத் தனிக் கருவி வைத்து அளப்பார்கள். "வளர்ற பிள்ளை" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கும் நம் தீபாவளிப் புத்தி இங்கே வேலைக்கு ஆகாது. தொளதொள ஜாக்கெட் தாங்காது, இறுக்கமான ஜாக்கெட் பரிசோதனையில் தேறாது. கிளப்பில் மூத்த பிள்ளைகள் கழித்த ஜாக்கெட் கிடைத்தால் அதுவே முதல் வருடத்துக்குச் சரி. பேன்ட் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ முதலிலேயே வேணும். ஆடை விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் அந்த வருட விதிப்புத்தகத்தைக் கோச்சிடம் கேட்டுவிட்டு அளவு கொடுங்கள்.

பெல்லட் கணக்கு

நாளைக்கு நூறு, வாரம் ஐந்து நாள். ஆக வாரம் ஒரு 500 டப்பா. உங்கள் ஊர் விலையை 52-ஆல் பெருக்கிப் பாருங்கள். ரைஃபிள் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு இது. பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று பிரித்தால் செலவு இறங்கும். தட்டைத் தலை, சுமார் 0.53 கிராம் எடை, 4.49, 4.50 எனத் தலை அளவு எழுதிய வகையில் மூன்று நான்கு டப்பா மாதிரி வாங்கி, ஊன்றிச் சுட்டு, உங்கள் பேரலுக்குப் பிடித்ததைக் கண்டுபிடியுங்கள். விலை உயர்ந்ததுதான் பொருந்தும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பொருந்திய டப்பாவின் தொகுப்பு எண்ணைக் குறித்துவைத்து, அதே எண்ணில் போட்டிக்கு நாலைந்து டப்பா எடுத்துவைத்தால் சீசன் முழுக்க நிம்மதி.

பெல்லட் ஈயம். சுட்ட கையோடு முறுக்கு தின்னும் பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பதறும். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டிபன் பாக்ஸ்.

குண்டே இல்லாமல் பழகுவது எல்லாவற்றையும்விட மலிவு. சிலிண்டர் வகை ரைஃபிள்கள் பலவற்றில் காற்றை விடாமல் ட்ரிகரை மட்டும் இயக்க ஒரு அமைப்பு உண்டு. ரைஃபிள் காலி என்று இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தினம் இருபது நிமிடம். அக்கா மகள் பிளஸ் டூ வருடத்தில் ரேஞ்சுக்கே போக முடியாமல் இதை மட்டும்தான் செய்தாள். பரீட்சை முடிந்து திரும்பிப் போன முதல் வாரம், பழைய ஸ்கோரிலிருந்து மூன்று புள்ளிதான் குறைந்திருந்தாள். ரைஃபிள் அதே பழைய ரைஃபிள்தான். சிலிண்டர் மட்டும் புதுசு.