தெருமூலைப் பெட்டிகளில் தொடங்கிய பள்ளிக்கூடம்

யுத்தம் முடிந்த ஊரில் பள்ளிக்கூடம் கட்டுவது என்றால் எங்களுக்கு உடனே ஒரு படம்தான் மனதில வரும். புதுக் கட்டிடம், வாசலில நாடா, நாடா வெட்ட வந்த பிரமுகர், சுவரில காசு தந்தவரின் பெயர் பொறித்த கல்வெட்டு. பிள்ளைகளின் தாய்தகப்பன் கதிரையில இருந்து கைதட்டுவினம். அந்தக் கட்டிடத்தோட அவைக்கு இருக்கிற தொடர்பு அந்தக் கைதட்டலோட முடிஞ்சுபோகும். இதுக்கு நேர் மாறாக, யுத்தத்தில் தோற்ற ஒரு சனம், வென்ற சர்வாதிகாரியின் ஆட்சிக்குக் கீழ இருந்துகொண்டே தங்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடத்தை எழுப்பின கதையை இங்கே எழுதுகிறோம். இடம், ஸ்பெயினின் வடக்கில் பாஸ்க் மக்கள் வாழும் மொண்ட்ரகோன் என்ற சின்னத் தொழிற்சாலை நகரம். காலம், 1943.

மொண்ட்ரகோன் என்ற பெயரைக் கனபேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழிலாளர்களே முதலாளிகளாக இருக்கிற கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ஊர். அந்தக் கதையைச் சொல்லுகிற ஆக்கள் வழக்கமாக 1956இல், முதல் தொழிற்சாலையில் இருந்துதான் தொடங்குவினம். எங்களுக்கு அதுக்கு முந்தின காலம்தான் முக்கியமாகப் படுகிறது. தொழிற்சாலைக்கு முதல் பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் முதல் யுத்தம் வந்தது.

மொண்ட்ரகோன் யுத்தத்துக்கு முதலே பிளந்துபோன ஊர். அங்கே பூட்டும் இரும்புச் சாமான்களும் செய்கிற 'யூனியோன் செர்ராஹெரா' என்ற கொம்பனிதான் எல்லாம். 1916இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1934 ஒக்டோபரில் சோசலிஸ்டுகள் எழுச்சி செய்தபோது அந்தக் கொம்பனியின் மேலாளரும் பாராளுமன்ற உறுப்பினருமான மார்செலினோ ஒரேஹா கொல்லப்பட்டார். இரண்டு வருடம் கழித்து, 1936 ஜூலையில் உள்நாட்டு யுத்தம் வெடித்தது. செப்டெம்பர் முடியமுதல் பிராங்கோவின் படைகள் ஊருக்குள் வந்துவிட்டன.

வந்த படை 'திருச்சபையைக் காக்க வந்தோம்' என்று சொல்லிக்கொண்டு வந்த படை. ஆனால் பாஸ்க் தேசியவாதிகளும் தீவிரக் கத்தோலிக்கர்கள்தான். அவர்கள் நின்றது குடியரசின் பக்கம். அதனால் அந்தப் படையே பாஸ்க் குருமாரையும் சுட்டது. 1936 ஒக்டோபர் 24ஆம் திகதி மொண்ட்ரகோனின் மூத்த பங்குத்தந்தை ஹோவாக்கீன் அரீனும், அவருடைய உதவிக் குருமார் லெயொனார்தோ குரிடியும் ஹோசே மார்க்கியேகியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு சின்னப் பங்கின் மூன்று குருமார், ஒரே நாளில். அடுத்த வருடம் துராங்கோவும் கெர்னிகாவும் குண்டுவீச்சில் எரிந்தன. பில்பாவோ விழுந்ததும் பிராங்கோ, இந்த ஊர் இருக்கும் கிப்புஸ்கோவாவையும் பக்கத்து பிஸ்காயாவையும் துரோகி மாகாணங்கள் என்று சொல்லி அவற்றின் நிதி உரிமைகளைப் பறித்தார். பாஸ்க் மொழி பொது இடங்களில் தடைப்பட்டது. 1939இல் யுத்தம் முடிந்தது. பிறகு வந்தது பஞ்சம். பங்கீட்டு அட்டை 1952 வரைக்கும் இருந்தது.

அந்தப் பங்குக்குத்தான் 1941 பெப்ரவரியில் 25 வயதுக் குருவானவர் ஒருவர் புதிய உதவிக் குருவாக வந்து சேர்ந்தார். பெயர் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியேத்தா. நீளமான பெயர், அரிஸ்மெந்தி என்றே சுருக்கிக்கொள்வோம். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் நடந்த விபத்தில் இடது கண் போனது. யுத்தத்தில் பாஸ்க் படையில் சேர்ந்தார். கண்ணைக் காரணம் காட்டி முன்னரங்குக்கு அனுப்பாமல் 'எகுனா' என்ற பாஸ்க் மொழி நாளிதழில் எழுத விட்டார்கள். பில்பாவோ விழுந்த பிறகு பிடிபட்டு, கொஞ்ச நாள் சிறையில் இருந்து, அதுக்குப் பிறகு பிராங்கோவின் படையிலேயே கட்டாயச் சேவை செய்தார். இரண்டு பக்கச் சீருடையும் போட்ட மனுசன். பெல்ஜியத்துக்குப் போய்ச் சமூகவியல் படிக்க ஆசைப்பட்டார். ஆயர் விடவில்லை, மொண்ட்ரகோனுக்கு அனுப்பினார்.

ஆளைப் பற்றிச் சனத்துக்கு முதலில் பெரிய அபிப்பிராயம் இல்லை. பிரசங்கம் ஒரே தொனியில் இழுபடும். சைக்கிளில் திரிவார். ஆனால் பூசை முடிந்த பிறகு பெடியளோட இருந்து கதைப்பதில் அவருக்குக் களைப்பே வராது. காசநோய் பரவியிருந்த ஊரில் வைத்தியத்துக்கு ஒரு நிலையம், விளையாட ஒரு கழகம், உதைபந்தாட்டத்துக்கு ஒரு மைதானம் என்று சின்னச் சின்னதாகத்தான் தொடங்கினார். மைதானத்தைச் சும்மா நினைக்கக்கூடாது. ஆளையாள் முகம் பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே அணியில் விளையாட வேண்டிவந்தது அங்கேதான்.

பள்ளிக்கூடப் பிரச்சினை கொம்பனியில் இருந்து வந்தது. யூனியோன் செர்ராஹெரா ஒரு தொழில் பயிற்சிப் பள்ளி வைத்திருந்தது. அங்கே பெரும்பாலும் கொம்பனித் தொழிலாளிகளின் மகன்மாருக்குத்தான் இடம். மற்றப் பிள்ளைகளுக்கு 14 வயதோட படிப்பு முடிஞ்சது. அந்தப் பள்ளியில் படித்தவனும் கடைசியில் ஒரு மேற்பார்வையாளராக வரலாம், அதுக்கு மேல ஏணி இல்லை. பொறியியலாளர்கள் வெளியூரில் இருந்து, வசதியான குடும்பங்களில் இருந்து வருவார்கள். அரிஸ்மெந்தி அங்கே படிப்பித்தவர். பள்ளியை ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்துவிடுங்கோ, செலவுக்கு நாங்களும் தோள் கொடுக்கிறோம் என்று கேட்டார். கொம்பனி மாட்டேன் என்றது.

அடுத்து அவர் செய்ததுதான் எங்களை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. அவர் ஆயரிடமோ மட்ரிட்டிடமோ காசு கேட்டுப் போய்க் காத்திருக்கவில்லை. தெருமூலைகளில் பெட்டிகளை வைத்தார்கள். ஊருக்கு ஒரு தொழிற்பள்ளி தேவை என்று நினைக்கிறவர்கள், எவ்வளவு காசு தருவோம், அல்லது என்ன வேலை செய்து தருவோம் என்று ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். சுமார் 600 துண்டுகள் விழுந்தன. ஊரின் வளர்ந்த ஆட்களில் கிட்டத்தட்ட 15 வீதம். மாவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற சனம் அது.

துண்டு போட்டவர்கள் நன்கொடையாளர் என்று ஒதுங்கிவிடவில்லை. பள்ளியை நடத்துகிறவர்களைத் தெரிவுசெய்கிற உரிமை அவர்களுக்கு வந்தது. அது எப்படிப்பட்ட காலம் என்று யோசிக்கவேணும். கட்சி இல்லை, தேர்தல் இல்லை, சுதந்திரமான தொழிற்சங்கம் இல்லை. ஒரு கூட்டம் வைக்கவும் அனுமதி தேவை. பெட்டியில துண்டுபோடுகிற பழக்கமே தடைப்பட்ட நாட்டில், ஒரு தொழிற்பள்ளிக்காகச் சனம் தெருவில துண்டு போட்டது. அதைச் செய்ய முடிந்தது திருச்சபையின் குடைக்குக் கீழ நின்றதால்தான். பிராங்கோவின் ஸ்பெயினில் ஆட்களை ஒன்றுசேர்க்கச் சட்டப்படி இடம் இருந்தது கத்தோலிக்க அமைப்புகளுக்கு. சர்வாதிகாரியை ஆசீர்வதித்த அதே திருச்சபையின் பெயரைப் பாதுகாப்பாகப் பிடித்துக்கொண்டு, தோற்றவர்கள் தங்கட பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். இதை முரண்பாடு என்று சொல்லித் தள்ளிவிடலாம். எங்களுக்கு அது கெட்டித்தனமாகவும் தெரிகிறது, கசப்பாகவும் இருக்கிறது.

1943 ஒக்டோபர் 10ஆம் திகதி பள்ளி திறந்தது. 20 மாணவர்கள். கட்டிடம் பெரிசாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. 1948இல் பள்ளியை நடத்தக் 'கல்வி, பண்பாட்டுக் கழகம்' என்று ஒன்றைப் பதிந்தார்கள். பெற்றோர், ஆதரவாளர், உள்ளூர் வர்த்தகர், நகரசபை என்று எல்லாரும் அதுக்குள்ள வந்தார்கள். இடம் தரமாட்டேன் என்ற கொம்பனியைக்கூடப் பிறகு உள்ளே கொண்டுவந்தார்கள். எங்கட ஊர்களிலும் சனம் பங்குபோட்டு எழுப்பிய நிறுவனங்கள் இருந்திருக்கின்றன. மூளாய் கூட்டுறவு ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. கல்வெட்டில் ஒரு பெயர் இருப்பதும் ஒரு பதிவேட்டில் 600 பெயர் இருப்பதும் ஒன்றில்லை என்று அந்த ஆக்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த முதல் அணியில் கெட்டிக்காரர் 11 பேர் மேல படிக்க ஆசைப்பட்டார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போய் நின்று படிக்க வீட்டில் வசதி இல்லை. அரிஸ்மெந்தி சரகோசாவில் இருந்த பொறியியல் கல்லூரியோட கதைத்து ஒரு ஒழுங்கு செய்தார். பெடியள் ஊரிலேயே பகலில் வேலை, பின்னேரத்தில் படிப்பு. சோதனைக்கு மட்டும் சரகோசா போவார்கள். 1952இல் 11 பேரும் தொழில்நுட்பப் பட்டத்தோட வெளியே வந்தார்கள். மேற்பார்வையாளரோட முடிகிற ஏணிக்கு அதுக்கு மேலயும் படி போட்டாச்சு.

அவர்களில் ஐந்து பேர் யூனியோன் செர்ராஹெராவில் வேலை செய்துகொண்டே, நிர்வாகத்தில் தொழிலாளிக்கும் பங்கு தாருங்கோ என்று கேட்டுப் பார்த்தார்கள். சரிவரவில்லை. 1956இல் உசத்தோரே, லராஞாகா, கொரோஞொகொய்த்தியா, ஒர்மேச்சியா, ஒர்த்துபாய் என்ற அந்த ஐவரின் பெயர் எழுத்துகளைச் சேர்த்து 'உல்கோர்' என்ற தொழிற்சாலை பிறந்தது. அடுப்புச் செய்தார்கள். மிச்சம் எல்லாரும் எழுதுகிற கதை. எங்களுக்கு அதைவிடப் பிடித்தது 1966இல் பள்ளியோட சேர்த்துத் தொடங்கின 'அலேகோப்'. மாணவர் கூட்டுறவு அது: அரை நாள் வேலை, அரை நாள் படிப்பு. அந்தச் சம்பளத்தில் தன் செலவைத் தானே பார்த்தபடியால் வறிய வீட்டுப் பிள்ளை ஆரிட்டயும் கைநீட்டவேண்டி வரவில்லை.

இந்தக் கதையை அப்படியே புனிதக் கதையாக்க எங்களுக்கு விருப்பம் இல்லை. முதல் பள்ளி பெடியன்களுக்கானது. யுத்தத்தில் தகப்பனை இழந்த பெட்டையளுக்கு அந்த 20 கதிரைகளில் ஒன்றும் இல்லை. கலியாணம் கட்டின பெண்களுக்கு வேலை கொடுக்கிற கூட்டுறவு 1960களின் கடைசியில்தான் வந்தது. பாடம் நடந்தது ஸ்பானிய மொழியில். பாஸ்க் மொழிப் பத்திரிகையில் எழுதின ஒருவர் நடத்திய பள்ளியில்கூட அதுதான் நிலைமை. வேற மாதிரி நடத்தியிருந்தால் பள்ளியைப் பூட்டியிருப்பார்கள். 2013இல், உல்கோர் வழிவந்த ஃபகோர் வீட்டுச் சாதனக் கொம்பனியே முறிந்துபோனது என்பதையும் சேர்த்துத்தான் மொண்ட்ரகோனைப் பற்றிக் கதைக்கவேணும்.

எங்களைக் கூட யோசிக்கவைப்பது மௌனம். மூன்று குருமார் சுடப்பட்ட பங்கில், அவர்களின் இடத்துக்கு வந்த குரு, அதைப் பற்றி வாய் திறக்கமுடியாத காலத்தில் பள்ளி நடத்தினார். சுட்ட பக்கத்துக் குடும்பமும் சுடப்பட்ட பக்கத்துக் குடும்பமும் ஒரே பெட்டியில் துண்டு போட்டதுக்கு அந்த மௌனமும் ஒரு விலை. அரிஸ்மெந்தி 1976 நவம்பரில், பிராங்கோ செத்து ஒரு வருடத்தில், கண்ணை மூடினார். 1997இல் அந்தப் பள்ளியை அடித்தளமாக வைத்து மொண்ட்ரகோன் பல்கலைக்கழகம் வந்தது.

2009 ஜூலை 11ஆம் திகதி பாஸ்க் நாட்டின் ஆயர்கள் வித்தோரியா பேராலயத்தில் ஒரு நினைவுப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். பிராங்கோவின் படைகள் கொன்ற 14 குருமாருக்கானது அது. இவ்வளவு காலமும் திருச்சபை மௌனமாக இருந்ததற்கு அங்கே மன்னிப்புக் கேட்டார்கள். அரீன், குரிடி, மார்க்கியேகி மூவரின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. பள்ளி திறந்து அப்போது 66 வருடம் ஆகப்போகிறது.