மெட்டல் டிடெக்டர் பிறந்த கதை

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. மற்றொன்று முதுகில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிட்டது. எங்கே தங்கியது என்று பார்க்க வழியில்லை. எக்ஸ்ரே வர இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். படிக்கும்போதே உடம்பு கூசுகிறது.

செய்தி அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை உலுக்கியது. தொலைபேசிக்கு அவர் காப்புரிமை பெற்று ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. தொலைபேசிக் கம்பியில் கேட்கும் இரைச்சலை அடக்க, இரண்டு கம்பிச்சுருள்களை வைத்து அவர் முன்பே சோதனைகள் செய்திருந்தார். ஒரு சுருளில் விட்டுவிட்டு மின்சாரம் பாயும். அதன் தாக்கம் சரிக்குச் சரி கழிந்துபோகும்படி மற்ற சுருளை வைத்தால், அதோடு சேர்த்த ரிசீவர் ஊமையாகிவிடும். அருகில் உலோகம் வந்ததும் அந்தச் சமநிலை குலைந்து ரீங்காரம் கேட்கும். உடம்புக்குள் இருக்கும் ஈயக்குண்டை இதே வழியில் கண்டுபிடிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

உதவியாளர் சம்னர் டெயின்டரோடு இரவு பகலாக உழைத்தார். உள்நாட்டுப் போரில் குண்டடி பட்டு, அந்தக் குண்டோடே வாழ்ந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களிடம் கருவியை வைத்துப் பார்த்தார். அது குண்டைக் காட்டியது.

ஜூலை 26 அன்று வெள்ளை மாளிகையில் முதல் முயற்சி. ஒரு இணைப்பைத் தவறாகக் கொடுத்திருந்ததால் இரைச்சல்தான் மிஞ்சியது. ஆகஸ்ட் 1 அன்று மறுபடி போனார். குண்டு வலப்பக்கம்தான் என்று சாதித்துவந்த தலைமை மருத்துவர் பிளிஸ், அந்தப் பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார். மெல்லிய ஓசை ஒன்று அகலமாகப் பரவிக் கேட்டது. தான் சொன்னதே உறுதியாயிற்று என்றார் பிளிஸ். பெல்லுக்கு மனம் ஒப்பவில்லை. விசாரித்தபோதுதான், அதிபர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பி மெத்தை இருந்தது தெரிந்தது.

அந்த ஆகஸ்டிலேயே பெல்லின் பச்சிளம் ஆண்குழந்தை பிறந்த சில மணி நேரத்தில் இறந்தது. அந்தத் துக்கத்திலும் அவர் கருவியைச் சீர்செய்வதை விடவில்லை.

செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். உடற்கூறு ஆய்வில் குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் கிடந்தது. சுட்டவன் கொலைகாரன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உயிரைக் குடித்ததில் காயத்தில் புகுந்த கிருமிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே இன்றைய மருத்துவர்கள் பலரின் கருத்து.

பெல்லின் கருவி கார்ஃபீல்டோடு முடியவில்லை. எக்ஸ்ரே வரும்வரை அறுவை மருத்துவர்கள் அந்த முறையில் குண்டுகளைத் தேடினார்கள். கண்ணிவெடி தேடும் கருவிக்கும் விமான நிலைய வாசலில் நிற்கும் சட்டத்துக்கும் அடிப்படை அதே மின்காந்தத் தூண்டல்தான்.

கார்ஃபீல்டு விஷயத்தில் பெல்லின் கருவி தோற்றது என்று எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. இடப்பக்கம் வைத்திருந்தாலும் அத்தனை ஆழத்தில் கிடந்த குண்டை அது காட்டியிருக்குமா என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அங்கே தேடவே விடவில்லை. தோல்வி பிளிஸுடையது.