எழும்பூரில் கரையேறிய அமெரிக்கக் கப்பல்



கனடாவில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவி ஒருத்தி, வான்கூவர் தீவுக்குப் போய் வந்த படங்களைப் போட்டிருந்தாள். கடலில் மல்லாந்து மிதக்கும் ஒரு பிராணி. "சார், இது என்னன்னு தெரியுதா?" என்று கேள்வி வேறு. தெரியும் அம்மா, அது கடல் நீர்நாய். அதன் தோலை வாங்கப் போன கப்பலின் கதை நம்ம சென்னை எழும்பூரில் இருக்கிறது என்று பதில் போட்டேன். உடனே நாலைந்து பேர் "எழும்பூரிலா?" என்று கேட்டுவிட்டீர்கள். அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இப்போதாவது முழுசாகப் படியுங்கள்.

முதலில் நம் ஊரிலிருந்து தொடங்குகிறேன். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் எகிப்துப் பக்கத்துக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பைப் 'பெரிப்ளூஸ்' என்பார்கள். அதில் நம் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்கள் வருகின்றன. சோபட்மா என்பது நம் மரக்காணம்தான், சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் முகத்தில் ஒரு பெருமிதம் வரும். ஆனால் அந்தப் புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது? 10-ஆம் நூற்றாண்டில் எழுதிய அதன் கைப்படி ஜெர்மனியில் ஹைடல்பர்க் நூலகத்தில் இருக்கிறது. நம் கரையைப் பற்றிய காகிதம் அங்கே. அதே போல அமெரிக்காவின் வடமேற்குக் கரையைப் பற்றிய ஒரு காகிதம் இங்கே. காகிதங்களின் தலையெழுத்து அப்படி. எந்த ஊரைப் பற்றி எழுதினார்களோ அந்த ஊரில் தங்காது. வாங்க வந்தவனோடு போய்விடும்.

(சிந்து நதி முகத்துவாரத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியாகும் பொருள்களில் சீனத் தோலையும் சேர்த்துச் சொல்கிறது பெரிப்ளூஸ். தோல் வியாபாரம் அவ்வளவு பழசு.)

இப்போது கதைக்கு வருவோம். கேப்டன் ஜேம்ஸ் குக்கின் மூன்றாவது பயணம் 1778-ல் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் உள்ள நூட்கா என்ற இடத்தில் தங்கியது. மாலுமிகள் ஆணி, கத்தி, பித்தளைச் சாமான் கொடுத்து அங்கிருந்த மக்களிடம் கடல் நீர்நாய்த் தோலை வாங்கிக்கொண்டார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான். குக் ஹவாய்த் தீவில் இறந்துபோனார். கப்பல்கள் திரும்பும் வழியில் சீனாவின் காண்டன் துறைமுகப் பக்கம் வந்தபோது, அந்தப் பழைய தோல்களுக்குச் சீனர்கள் கொடுத்த விலையைப் பார்த்து மாலுமிகளுக்குத் தலை சுற்றியது. மிக நல்ல தோல் ஒன்று 120 டாலர் வரை போயிற்று. ஊருக்குப் போக வேண்டாம், மறுபடி நூட்காவுக்கே போவோம் என்று கலகம் செய்யும் அளவுக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். கடல் நீர்நாயின் உடம்பில் கொழுப்புப் படலம் கிடையாது. குளிரைத் தாங்குவது அதன் மயிர்தான். அதனால் உலகத்திலேயே மிக அடர்த்தியான மயிர் அதற்கு. அது அதன் உயிருக்கே வினையாகிவிட்டது.

குக் பயணத்தின் அதிகாரபூர்வ நூல் 1784-ல் வெளியானது. அதைப் படித்தவர்களுக்கெல்லாம் ஆசை பிடித்தது. அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் சார்லஸ் ஸ்டூவர்ட் ஸ்ட்ரேஞ்ச். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் அரசில் சிவில் ஊழியர், அதாவது நம்ம ஊர் சர்க்கார் உத்தியோகஸ்தர். (ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு 'விசித்திரம்' என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.) அவருடைய சகோதரர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் பின்னாளில் மதராஸ் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி ஆனவர்.

அந்தக் காலத்தில் நம் பக்கம் எப்படி இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஹைதர் அலியோடு நடந்த போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கர்நாடகச் சீமை பாழ்பட்டுக் கிடந்தது. புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன சமயம். 1760-ல் ஆங்கிலேயர் இடித்த நம் ஆலம்பரைக் கோட்டை அப்போதே கால் நூற்றாண்டாக இடிபாடு. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மதராஸ் உத்தியோகஸ்தர் உலகத்தின் மறுகோடிக்குத் தோல் வாங்கக் கிளம்புகிறார்.

பணம் போட்டது பம்பாய் வணிகர் டேவிட் ஸ்காட்டும் கூட்டாளிகளும். ஸ்ட்ரேஞ்சும் தன் பங்குக்குப் போட்டார். இரண்டு கப்பல்கள். பெரியதன் பெயர் 'கேப்டன் குக்', 300 டன். சின்னதன் பெயர் 'எக்ஸ்பெரிமென்ட்', 100 டன். பம்பாய் அரசு சிறு படைப்பிரிவு ஒன்றையும் அலெக்சாண்டர் வாக்கர் என்ற இளம் அதிகாரியையும் கூட அனுப்பியது. நூட்காவில் ஒரு காவல் படையை நிறுத்திவிட்டு வரலாம் என்பது திட்டம். 1785 டிசம்பரில் பம்பாயிலிருந்து பாய் விரித்தார்கள். பத்தேவியா வழியாகச் சுற்றி, 1786 ஜூன் கடைசியில் நூட்காவை அடைந்தார்கள். அதற்குள் கப்பலில் பலருக்கு ஸ்கர்வி நோய். காய், பழம் இல்லாமல் உப்புக்கண்டத்தைத் தின்றே மாதக்கணக்கில் கடலில் கிடந்தால் ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும். உப்பு விளைகிற ஊர்க்காரர்கள் நாம். உப்பு இறைச்சியைக் காக்கும், அதைத் தின்கிற ஆளைக் காக்காது.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, போன வருஷமே ஒருவர் வந்து போய்விட்டார் என்று. ஜேம்ஸ் ஹன்னா என்பவர் சின்னக் கப்பல் ஒன்றில் சீனப் பக்கமிருந்து 1785-ல் வந்து, 560 தோல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அந்த மக்களும் வியாபாரம் தெரியாதவர்கள் இல்லை. எது அரிது, எதற்கு எவ்வளவு கேட்கலாம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள். அவர்களின் தலைவர் மக்வின்னா.

காவல் படையை நிறுத்துவதென்றால் செலவு. ஸ்ட்ரேஞ்ச் அந்த யோசனையைக் கைவிட்டார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு ஆளை விட்டுவிட்டு வந்தார். கப்பல் வைத்தியரின் உதவியாளன், பெயர் ஜான் மெக்கே. காய்ச்சலில் படுத்து எழுந்துகொண்டிருந்தவன். மக்வின்னாவின் குழந்தைக்கு வந்த சொறி நோயைக் குணப்படுத்தியவன் என்பதால் அவர்களுக்கும் அவன்மேல் பிரியம். துப்பாக்கி, விதைகள், ஒரு ஜோடி ஆடு, கூடவே பேனா, மை, காகிதம். பார்ப்பதை எல்லாம் எழுதி வை, அடுத்த வருஷம் வந்து கூட்டிப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துவிட்டார்கள்.

எனக்கு இந்த இடம் எப்போதும் உறுத்தும். 'சம்மதித்தான்' என்றுதான் எழுதியிருக்கிறது. நோயிலிருந்து தேறாத ஒரு கடைநிலை ஊழியனின் சம்மதத்துக்கு என்ன எடை என்று நீங்களே யோசியுங்கள்.

அங்கிருந்து ஸ்ட்ரேஞ்ச் வடக்கே போனார். ஒரு கடல்பகுதிக்கு ராணி சார்லட் பெயரை வைத்தார். ஒரு முனைக்குப் பணம் போட்ட டேவிட் ஸ்காட்டின் பெயர். இன்றும் வரைபடத்தில் ஸ்காட் முனை என்றே இருக்கிறது. அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் வளைகுடாவில் 1786 செப்டம்பரில் எதிரே ஒரு கப்பல் வந்தது. 'சீ ஆட்டர்' என்று அதற்குப் பெயர், கல்கத்தாவிலிருந்து வந்தது, தலைவர் வில்லியம் டிப்பிங். இருவரும் சந்தித்துப் பேசிப் பிரிந்தார்கள். அதன் பிறகு டிப்பிங்கின் கப்பலை யாருமே பார்க்கவில்லை. ஆளோடு போய்விட்டது. ஒரு கப்பல் முழுக்க மனிதர்கள் உயிரோடு இருந்ததற்குக் கடைசிச் சாட்சிகளில் ஒன்று நம் எழும்பூர்க் காகிதம்.

மக்காவ் போய்ச் சேர்ந்து கணக்குப் பார்த்தால் மொத்தம் 604 கடல் நீர்நாய்த் தோல். விற்றது 24,000 டாலருக்கு. இரண்டு கப்பலும் ஆட்களும் சரக்கும் ஒரு வருஷத்துக்கு மேல் சுற்றியதற்கு அது எந்த மூலைக்கு? பெரும் நஷ்டம். அதற்குள் ஆளுக்கு ஆள் கப்பலைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஸ்ட்ரேஞ்ச் மறுபடி நூட்கா பக்கம் தலைவைக்கவில்லை. மதராஸ் உத்தியோகத்துக்கே திரும்பினார்.

திரும்பியவர் ஒரு நல்ல காரியம் செய்தார். அப்போது மதராஸ் கவர்னராக இருந்த ஆர்ச்சிபால்ட் கேம்பெல்லுக்குத் தன் பயணத்தை விவரமாக எழுதி, வரைபடத்தோடு 1788-ல் கொடுத்தார். கம்பெனி எதையும் தூக்கிப்போடாது. கோட்டையில் அடுக்கிவைத்தார்கள். 1909-ல் எழும்பூரில் ஆவணங்களுக்கென்றே ஒரு சிவப்புக் கட்டடம் கட்டினார்கள். எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான். அன்று மதராஸ் ரெக்கார்ட் ஆபீஸ், இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே காப்பாளராக இருந்த ஏ.வி. வெங்கடராம ஐயர் முன்னுரை எழுத, 1928-ல் மதராஸ் அரசு அச்சகம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. கனடாவின் மேற்குக் கரை வரலாறு எழுதுகிறவர்கள் தேடிப் படிக்கிற மூல நூல்களில் அதுவும் ஒன்று. அச்சுக் கோத்தவர் மதராஸ்காரர் ஒருவர். நூட்காவையும் பார்த்திருக்க மாட்டார், நீர்நாயையும் பார்த்திருக்க மாட்டார்.

அதே காப்பகத்தில்தான் நம் உப்பின் கணக்கும் இருக்கிறது. இங்கே உப்பு சோழர் காலத்திலிருந்தே உண்டு. பூமீஸ்வரர் கோயில் கல்வெட்டுகள் உப்பளத்தைப் பற்றிப் பேசுகின்றன. 1805-ல் கம்பெனி மதராஸ் மாகாணம் முழுக்க உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைவிக்கிறவன் கம்பெனிக்கே விற்க வேண்டும், கம்பெனி வைத்ததுதான் விலை. அளவு 'கரிசை' கணக்கில். ஒரு கரிசை 400 மரக்கால். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை அப்படியே 'கார்ஸ்' என்று ஆக்கிக்கொண்டார்கள். பாத்தியில் நின்று விளைவித்தவனுக்குக் கொடுத்த தொகைக்குக் 'குடிவாரம்' என்று பெயர். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு மண் வெட்டிய கூலிகள் இணைத்துக் கொடுத்த பக்கிங்ஹாம் கால்வாயில் படகு படகாக உப்பு சென்னைக்குப் போனது.

அந்தப் பதிவேடுகளின் போக்கைப் பாருங்கள். இத்தனை கரிசை, இவ்வளவு வரவு, மழையில் கரைந்தது இவ்வளவு. வெயிலில் காலெல்லாம் வெடித்து உப்பு வாரிய பெண்ணின் பெயர் அந்தப் பத்தியில் ஏறாது. ஸ்ட்ரேஞ்சின் கணக்கிலும் 604 தோல் இருக்கிறது, நீர்நாயைத் துரத்திப் பிடித்தவனின் பெயர் இல்லை. இரண்டையும் எழுதியது ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே கையெழுத்து. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வாங்குகிறவன் தனக்கு வேண்டியதைத்தான் எழுதுவான். ஆனால் தெரிந்துகொண்டு படித்தால் இடுக்கில் மனிதர்கள் தென்படுவார்கள். டிப்பிங்கின் கப்பல் தென்பட்டதைப் போல. அதனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: தாத்தா காலத்து உப்பளக் குத்தகைச் சீட்டு, படகுக் கணக்கு, கூலி நோட்டு எது வீட்டுப் பரணில் இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

நீர்நாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு நூற்றாண்டு வேட்டையில் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. 1911-ல் ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபோது உலகத்திலேயே ஓரிரு ஆயிரம்தான் மிச்சம். வான்கூவர் தீவுப் பக்கம் அற்றுப்போய், 1969 முதல் 1972 வரை அலாஸ்காவிலிருந்து 89 நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அங்கே மிதப்பவை அவற்றின் வாரிசுகள்.

மெக்கே கதையைப் பாதியில் விட்டுவிட்டேன் இல்லையா? கப்பல் போன ஒரு மாதத்துக்குள் ஹன்னா மறுபடி நூட்காவுக்கு வந்தார். கூட வருகிறாயா என்று கேட்டார். மெக்கே மறுத்துவிட்டான். கருவாடும் திமிங்கில எண்ணெயும் பழகிப்போயிற்று, ஸ்ட்ரேஞ்ச் வருவார் என்றான். அதன் பிறகு நிலைமை மாறியது. எழுதிவந்த நோட்டு கிழிந்து போயிற்று. துப்பாக்கி போயிற்று. ஒருநாள் தெரியாமல் மக்வின்னா குழந்தையின் தொட்டிலைத் தாண்டிவிட்டான். அவர்கள் வழக்கப்படி அது பெருந்தீட்டு. (படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் நம் பாட்டிமார்களும் விடமாட்டார்களே!) அடித்து விலக்கி வைத்தார்கள். பிறகு அந்தக் குழந்தை இறந்தும் போயிற்று. குளிர்காலத்தை அரைப்பட்டினியோடு கழித்தான்.

1787 ஜூனில் 'இம்பீரியல் ஈகிள்' என்ற கப்பலில் சார்லஸ் பார்க்லியும் அவர் மனைவி பிரான்சிஸும் வந்தபோது, அந்த ஊர் மக்களைப் போலவே உடுத்திய ஒருவன் படகில் வந்து ஏறி, ஆங்கிலத்தில் பேசினான். அவர்களுடைய மொழி அவனுக்குப் பழகிவிட்டிருந்தது. எங்கே தோல் கிடைக்கும் என்று பார்க்லிக்குச் சொன்னது அவன்தான். லாபம் அவர்களுக்கு. இந்த நிலம் அமெரிக்கக் கண்டத்தோடு ஒட்டியது இல்லை, தீவுக்கூட்டம் என்றும் சொன்னான். ஜார்ஜ் வான்கூவர் 1792-ல் சுற்றிவந்து அதை உறுதி செய்தார், தீவு வான்கூவர் பெயரில் இருக்கிறது.

மெக்கே எப்படியோ பம்பாய் திரும்பினான். 1788-ல் அங்கே அலெக்சாண்டர் வாக்கர் அவனைக் கண்டுபிடித்து, குடிப்பழக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தவனை உட்காரவைத்துக் கேட்டு, அவன் சொன்னதைத் தன் பயணக் குறிப்போடு எழுதிவைத்தார். வாக்கரின் குறிப்பு 1982-ல்தான் அச்சேறியது. ஸ்ட்ரேஞ்ச் கொடுத்த காகிதத்தில் மெக்கே தன் கையால் எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.