காத்திருந்தோம், கேட்கவில்லை

சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில், ஒவ்வொரு மாதக் கடைசி இரவிலும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். அந்த மாதம் சேர்ந்த அளவீட்டுத் தரவுகளை நான்கு தொகுதிகளாக வேறொரு சர்வருக்கு நகல் எடுக்கும். எடுத்து முடித்ததும் பழைய டிஸ்கைக் காலி செய்யும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜூனியர் பெண் அதை வேகப்படுத்தித் தருவதாகச் சொன்னார். நகல் எடுக்கும் நான்கு வரிகளின் கடைசியிலும் & என்ற குறியைப் போட்டார். சரிபார்க்க வேண்டியவன் நான். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஓகே லா, போட்டுரு" என்றேன்.

யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒரு கட்டளையின் கடைசியில் & போட்டால், அது பின்னணியில் ஓடும். ஷெல் அதைத் தொடங்கிவிட்டு, முடிகிறதா என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். நான்கு நகல்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. அடுத்த வரி, டிஸ்கைக் காலி செய்வது. அதுவும் உடனே தொடங்கியது. அந்த நொடியில் திறந்திருந்த கோப்புகள் மட்டும் முழுதாக வந்து சேர்ந்தன. இன்னும் திறக்காதவை எல்லாம் போய்விட்டன. நடுவில் 'வெயிட்' என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

மறுநாள் கூட்டத்தில், "யார் எழுதினது?" என்று கேட்டார்கள். நான் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். சரிபார்த்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஒரு வரியைச் சேர்த்தவன் நான்தான். அடுத்த மாதமும் தரவு காணாமல் போனது. ஸ்கிரிப்ட் எல்லாம் நன்றாக முடிந்தது என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. ஆனால் நான்கில் ஒரு நகல், இடம் போதாமல் பாதியில் நின்றிருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, வெயிட் போட்டீங்க, சரி. ஆனா என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த 'வெயிட்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பல்கலைக்கழகத்தில் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான்.

1969-இல் நியூ ஜெர்சியின் மர்ரி ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில், கென் தாம்சன் பி.டி.பி.-7 என்ற சிறிய கணினியில் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார். அதில் இரண்டு டெர்மினல்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் 'புரோசஸ்' என்போம். அந்தக் கணினியில் முதலில் இருந்தவை சரியாக இரண்டே புரோசஸ்கள், டெர்மினலுக்கு ஒன்று. யாரும் யாரையும் பெற்றெடுக்கவில்லை. ஒரு கட்டளையைத் தட்டினால், ஷெல் தன்னையே அழித்துக்கொண்டு அந்த இடத்தில் கட்டளையின் நிரலை ஏற்றிவிடும். கட்டளை முடிந்ததும் கணினி புதிய ஷெல் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும். காத்திருக்க ஆளே இல்லாததால் காத்திருப்பும் இல்லை.

பிறகு 'ஃபோர்க்' வந்தது. ஒரு புரோசஸ் தன்னையே நகலெடுத்து ஒரு பிள்ளையை உருவாக்கும் வழி இது. இந்த எண்ணம் பெல் ஆய்வகத்தில் பிறந்ததல்ல. 1963-இல் மெல்வின் கான்வே ஒரு கட்டுரையில் ஃபோர்க், ஜாயின் என்ற இரண்டையும் சேர்த்தே விளக்கியிருந்தார். ஒரு பாதை இரண்டாகப் பிரிவது ஃபோர்க். பிரிந்தவை மறுபடி ஒன்று சேர்வது ஜாயின். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜீனி திட்டத்திலும் ஃபோர்க் இருந்தது. யுனிக்ஸை வளர்த்தவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்ச்சி, 1979-இல் சிட்னி மாநாட்டுக்காக எழுதிய கட்டுரையில் இந்தக் கதையைச் சொல்கிறார். பி.டி.பி.-7-இல் ஃபோர்க்கைச் சேர்க்க வெறும் 27 வரி அசெம்பிளி நிரலே தேவைப்பட்டதாம்.

27 வரிதான். ஆனால் அதைச் சேர்த்ததும் டைரக்டரி மாற்றும் கட்டளை வேலை செய்யாமல் போய்விட்டது. குழம்பிப்போய் நிரலைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார்கள். கடைசியில்தான் பிடிபட்டது: கட்டளை ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. ஷெல் ஒரு பிள்ளையை உருவாக்கியது. அந்தப் பிள்ளை தன்னுடைய டைரக்டரியை மாற்றிக்கொண்டு, உடனே செத்துப்போனது. பெற்ற ஷெல் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்றுவரை டைரக்டரி மாற்றும் கட்டளையை ஷெல் தானேதான் செய்கிறது, பிள்ளையிடம் கொடுப்பதில்லை.

எனக்கு இந்தச் சம்பவம் முக்கியமாகப் பட்டது. பிள்ளை தன் நினைவகத்திலும் தன் நிலையிலும் என்ன மாற்றிக்கொண்டாலும் அது பெற்றவரைத் தொடாது. அப்படியென்றால் பிள்ளைக்கு என்ன ஆனது என்ற செய்தி பெற்றவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?

தாம்சன் முதலில் செய்த ஏற்பாடு விநோதமானது. புரோசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப அப்போது ஒரு வசதி இருந்தது. ஷெல் ஒரு பிள்ளையை உருவாக்கியதும் அதற்கு ஒரு செய்தியை அனுப்பும். பிள்ளை அதை வாங்காது. வாங்காதவரை ஷெல் அப்படியே நிற்கும். பிள்ளை செத்ததும், "அப்படி ஒரு புரோசஸ் இல்லை" என்ற பிழை ஷெல்லுக்குத் திரும்பி வரும். ஓ, முடிந்துவிட்டது என்று ஷெல் அடுத்த வரியைப் படிக்கும். பதில் வராத கடிதத்தை அனுப்பிவிட்டு, "முகவரியில் ஆள் இல்லை" என்று அது திரும்பி வரும்வரை வாசலில் நிற்பதுபோல.

இதில் ஓர் ஓட்டை இருந்ததை ரிட்ச்சியே ஒப்புக்கொள்கிறார். ஏதாவது ஒரு பிள்ளை தற்செயலாகச் செய்தி வாங்கிவிட்டால், ஷெல் அனுப்பிய பொய்ச் செய்தி அதன் கையில் போய்விடும். வேலை முடிந்துவிட்டது என்று ஷெல் நினைத்துக்கொள்ளும். செய்தி வசதியை வேறு யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. எனவே அதை நீக்கிவிட்டு, காத்திருப்பதற்கென்றே 'வெயிட்' என்ற அழைப்பைக் கொண்டுவந்தார்கள். 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே அது இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கான்வேயின் ஜாயினில் இரண்டு பாதைகள் சேரும். வெயிட்டில் அப்படிச் சேர்வது எதுவுமில்லை. பிள்ளை முடிந்துபோயிருக்கும். அது விட்டுச்சென்ற கடைசிச் சொல்லைப் பெற்றவர் வாங்கிக்கொள்வார். பிற்பாடு அந்தச் சொல் ஒரு சிறிய எண்ணாக நிலைபெற்றது. 0 என்றால் நல்லபடி முடிந்தது, வேறு எண் என்றால் ஏதோ கோளாறு.

பெற்றவர் இன்னும் வாங்க வராவிட்டால்? 1975-இல் வந்த ஆறாம் பதிப்பின் மூல நிரலைப் பார்த்தால் பதில் தெரியும். புரோசஸ்களின் பட்டியலில் மொத்தம் 50 இடங்கள். ஒரு பிள்ளை முடிந்ததும் அதன் நினைவகத்தை கெர்னல் எடுத்துக்கொள்ளும். ஆனால் பட்டியலில் உள்ள இடத்தை எடுக்காது. அங்கே அதன் நிலையை 'ஸோம்பி' என்று குறித்து வைக்கும். உயிர் இல்லை, ஆனால் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று பாக்கி இருக்கிறது. பெற்றவர் வெயிட் என்று வந்து கேட்டு வாங்கிய பிறகே அந்த இடம் காலியாகும். கேட்காமலே பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே போனால் 50 இடமும் நிரம்பும், பிறகு புதிதாக எதையும் ஓட்ட முடியாது. பெற்றவர் முதலில் செத்துப்போனால், அனாதையான பிள்ளைகள் எல்லாம் எண் 1 கொண்ட 'இனிட்' என்ற புரோசஸின் பொறுப்புக்குப் போகும். அது காத்திருந்து செய்தியை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தச் செய்தியை வைத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. பட்டியலைச் சுத்தமாக வைப்பதுதான் அதன் வேலை.

எங்கள் முதல் இரவில் நடந்தது இதுதான். நான்கு நகல்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரிப்ட் முடிந்துபோனது. நான்கும் எண் 1-இடம் போயின. கோப்புகள் காணவில்லை என்று அவை சொன்ன கடைசிச் சொற்களை அது ஒழுங்காக வாங்கி, கீழே போட்டுவிட்டது.

இரண்டாவது இரவுக்கும் வரலாற்றில் ஒரு வேர் இருக்கிறது. பழைய வெயிட், "என் பிள்ளைகளில் யாராவது ஒருவர்" என்று மட்டுமே காத்திருக்கும். இன்னார் என்று கேட்க முடியாது. அதனால் ஆறாம் பதிப்பின் ஷெல், தான் தேடும் பிள்ளையின் எண் வரும்வரை வெயிட்டைத் திரும்பத் திரும்ப அழைக்கும். இடையில் பின்னணிப் பிள்ளைகளின் செய்தி வந்தால் அதையும் வாங்கிக்கொள்ளும். 1980-ஐ ஒட்டி பெர்க்லியின் பி.எஸ்.டி. யுனிக்ஸில், ஓடும் வேலையை நிறுத்தி வைத்துப் பிறகு தொடரும் வசதி வந்தது. ஆஸ்திரியாவின் லக்சன்பர்க்கில் இருந்த ஜிம் கல்ப் அதை முதலில் செய்துகாட்டியவர். அப்போது "நின்று காத்திருக்காமல், யாராவது முடித்தார்களா என்று எட்டிப் பார்" என்ற வகையும் தேவைப்பட்டது. 1988-இன் போசிக்ஸ் தரம், 'வெயிட்பிட்' என்ற அழைப்பில் இவை எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. இன்ன எண் கொண்ட பிள்ளைக்காகக் காத்திரு என்று அதில் சொல்லலாம்.

ஷெல் ஸ்கிரிப்டில் எழுதும் வெயிட்டிலும் இந்த இரண்டு வகைகள் உண்டு. எண் எதுவும் கொடுக்காமல் எழுதினால், எல்லாப் பிள்ளைகளும் முடியும்வரை நிற்கும். முடிந்ததும் 0 என்று திருப்பித் தரும். யார் தோற்றிருந்தாலும் 0தான். எண் கொடுத்து எழுதினால், அந்தப் பிள்ளை விட்டுச்சென்ற சொல்லை அப்படியே தரும். நான் எழுதியது முதல் வகை. நான்கு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு, பரீட்சை என்ன ஆச்சு என்று கேட்காத அப்பா மாதிரி. 2014-இல் வந்த பேஷ் 4.3 ஷெல்லில், யார் அடுத்ததாக முடித்தாலும் உடனே அவருடைய செய்தியைத் தரும் மூன்றாவது வகையும் சேர்ந்தது.

இவ்வளவும் படித்த பிறகு ஸ்கிரிப்டை அந்தப் பெண்ணுடன் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். ஒவ்வொரு நகலையும் தொடங்கியதும் அதன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டோம். பின்னணிக்குப் போன கடைசிப் புரோசஸின் எண்ணை ஷெல்லே நினைவில் வைத்திருக்கும், கேட்டால் கொடுக்கும். பிறகு நான்கு எண்களுக்கும் தனித்தனியாக வெயிட். ஒன்று 0 தராவிட்டாலும் டிஸ்கைத் தொடக் கூடாது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரிகள். மாதக் கடைசியில் அது சரியாக ஓடியது.

முடித்ததும் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். முதல் இரவின் ஸ்கிரிப்டைச் சரிபார்த்து அனுமதித்தவன் நான், இரண்டாவது இரவின் தவறு முழுக்க என்னுடையது என்று. அனுப்புவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இது இப்போ எதுக்கு அண்ணா, எல்லாரும் மறந்துட்டாங்க" என்றார்.

"நீங்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

பதில் சொல்லாமல் சிரித்தார். அனுப்பிவிட்டு, இருவரும் கீழே மாமாக் கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போனோம்.