பொதுப் பெட்டகமும் தனிச் சாவியும்



‘மேகக் கணிமை’ என்னும் சொல் உங்கள் செவிக்கு நன்கு பழகியது. நீங்கள் எடுத்த நிழற்படமும் எழுதிய கட்டுரையும் உங்கள் கைக்கருவியில் மட்டும் தங்குவதில்லை. எங்கோ தொலைவில், குளிரூட்டிய பெருங்கட்டடம் ஒன்றில், முன்பின் அறியாத பல்லாயிரவருடைய உடைமைகளோடு அவை அருகருகே உறைகின்றன. மேகம் என்பது வெறும் பெயரே. உண்மையில் அது பிறருக்குச் சொந்தமான கணினி. அங்ஙனமாயின், ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது என் பொருளை அயலான் தீண்டாமற் காப்பது எது? இவ்வினா நேற்றுப் பிறந்ததன்று. இதன் பிறப்பிடத்திற்கு உங்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1961ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவர்தம் துணைவர்களும் ஒரு புதுமையைச் செய்து காட்டினர். அதற்கு முன்னர், கணினியிடம் ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டுமாயின் துளையிட்ட அட்டைகளை ஒப்படைத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். கோர்பட்டோவின் அமைப்பிலோ, பலர் தத்தம் தட்டச்சு முனையத்தின் முன் அமர்ந்து ஒரே கணினியோடு உரையாடலாம். கணினி ஒவ்வொருவருக்கும் இமைப்பொழுது செவிசாய்த்து அடுத்தவரிடம் செல்லும். அதன் விரைவினால் ஒவ்வொருவரும் அது தமக்கே உரியது என்று எண்ணுவர். ‘நேரப் பகிர்வு’ என்பது இம்முறையின் பெயர். இன்றைய மேகக் கணிமைக்கு இதனை மூதாதை என்றே கூறலாம்.

பலர் புழங்கும் வீட்டில் தனியறை வேண்டுமன்றோ? ஒவ்வொருவருடைய கோப்புகளையும் பிரித்துக் காக்கக் கடவுச்சொல் என்னும் ஏற்பாட்டினைக் கோர்பட்டோ குழுவினர் அமைத்தனர். கணினியில் கடவுச்சொல் வழங்கிய முதல் இடங்களுள் ஒன்று இதுவே.

பூட்டுச் செய்த சில மாதங்களிலேயே அது திறக்கப்பட்டது. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்திற்கு நான்கு மணி நேரமே கணினியில் உரிமை இருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கணக்கெண்ணையும் கோப்பின் பெயரையும் துளை அட்டையில் குறித்துக் கொடுத்தால், அக்கோப்பை அச்சிட்டு வைக்கும் வழக்கம் அங்கு இருந்தது. 1962ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவில், கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பின் பெயரை எழுதி அவர் அட்டையைக் கொடுத்தார். சனிக்கிழமை விடியற்காலையில் அச்சிட்ட தாள்கள் அவர் கைக்கு வந்தன! பூட்டை அவர் உடைக்கவில்லை, சுவரேறிக் குதிக்கவுமில்லை. கேட்டார், கொடுக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே இதனை அவர் வெளியிட்டார்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. 1960களின் நடுவில், ஒரு நாள் அதே அமைப்பினுள் நுழைந்தவர்களுக்கு அன்றைய அறிவிப்புக்கு மாறாக, எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. காரணம் யாது? மேலாளர் ஒருவர் அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்; மற்றொருவர் அதே வேளையில் கடவுச்சொற் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர்கள் கையாண்ட செயல்நிரல், திருத்தும்பொழுது உண்டாக்கும் தற்காலிகக் கோப்பிற்கு எப்போதும் ஒரே பெயரையே இட்டது. ஒரு நேரத்தில் ஒருவரே அதனைக் கையாள்வர் என்பது அதனை எழுதியவரின் நம்பிக்கை. இருவர் புகவே, ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் அமர்ந்தது. தீய நோக்கம் யாருக்கும் இல்லை. கோர்பட்டோவே தமக்கு 1990ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது கிடைத்தபோது ஆற்றிய உரையில் இந்நிகழ்ச்சியை மறைக்காமல் எடுத்துரைத்தார். தம் படைப்பின் குறையைத் தாமே அவையில் உரைக்கும் பண்பு அறிஞரிடத்தும் அரிது.

இவ்விழப்பினின்று நல்லதொரு வழியும் பிறந்தது. கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதி வைத்தால்தானே திருட்டுப் போகும்? அதனை ஒரு கணித முறையால் உருமாற்றி, உருமாறியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாததுபோல, அதிலிருந்து மூலச்சொல்லை நேரே மீட்டல் இயலாது. இக்கருத்தை 1960களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதாம் கையாண்டார். 1979ஆம் ஆண்டில் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ஸன் ஆகிய இருவரும் இதனை மேலும் வலுப்படுத்தும் முறைகளை விளக்கிக் கட்டுரை வரைந்தனர்.

1975இல் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்னும் இருவர் எழுதிய கட்டுரையில் மற்றொரு நெறி வகுக்கப்பட்டது. எவருக்கும், எச்செயல்நிரலுக்கும், தன் பணிக்கு இன்றியமையாத உரிமையை மட்டுமே அளித்தல் வேண்டும் என்பது அது. கேட்பதற்கு எளிது, கடைப்பிடிப்பதோ கடினம். நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், வினாத்தாள் அலமாரியின் சாவியும் விளையாட்டுப் பொருளறையின் சாவியும் ஒரே கொத்தில் தொங்கின. பந்து எடுக்கச் செல்லும் சிறுவனிடம் அக்கொத்தை எத்தனையோ முறை நானே கொடுத்தனுப்பியிருக்கிறேன். தீங்கொன்றும் நேரவில்லை; அது என் திறமையால் அன்று.

2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் தன் கணினி ஆற்றலையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. மின்சாரம் போலப் பயன்படுத்திய அளவுக்குப் பணம் கொடுத்தாற் போதும். பழைய நேரப் பகிர்வு உலகளாவிய வணிகமாயிற்று. பழைய இடர்களும் உடன் வளர்ந்தன.

மென்பொருள் எழுதுவோருக்கு அவர்தம் நிரல்களைச் சேமித்துத் தந்த கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனத்தின் கதி இரங்கத்தக்கது. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அதன் மேகக் கணக்கை ஆளும் பலகையினுள் ஒருவன் புகுந்து பணம் கேட்டு மிரட்டினான். நிறுவனத்தார் கடவுச்சொற்களை மாற்ற முனைந்தனர். அவனோ கோப்புகளை அழிக்கத் தொடங்கினான். மூலங்களும் அவற்றின் காப்புப்படிகளும் ஒரே கணக்கின்கீழ் இருந்தமையால் பெரும்பாலானவை ஒருசேர மறைந்தன. ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது, நிறுவனம் கதவடைத்தது. நெல்லையும் விதைநெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைத்த உழவன் கதையே இது.

2019ஆம் ஆண்டில் கேபிடல் ஒன் என்னும் அமெரிக்க வங்கிக்கு நேர்ந்ததும் அறியத்தக்கது. அவ்வங்கி தன் தரவுகளை அமேசானின் மேகத்தில் வைத்திருந்தது. வாயிற்காவலாக நிறுத்திய மென்பொருள் ஒன்று சரிவர அமைக்கப்படவில்லை. வெளியிலிருந்து வந்த ஆணையைத் தன் ஆணையாக எண்ணி, அது தனக்குரிய தற்காலிகச் சாவியைப் பெற்றுக் கொடுத்துவிட்டது. அதனினும் பெரும்பிழை, அந்தக் காவற்பொறிக்குச் சேமிப்பறைகளைத் திறந்து படிக்கும் உரிமை வழங்கப்பட்டிருந்தமை. காவலாளிக்குக் கருவூலச் சாவி எதற்கு? அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர், கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் ஆகியோருடைய செய்திகள் வெளிப்பட்டன. 2020இல் வங்கிக்கு 8 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1975இல் எழுதிய நெறியை ஏட்டிலே விட்டதன் விலை அது.

மேக நிறுவனங்கள் கட்டடத்தையும் பொறிகளையும் காக்கும். உள்ளே வைத்த பொருளுக்கு யார் யாருக்கு உரிமை என்று முடிவு செய்வது வாடகைக்கு எடுத்தவர் கடமை. இப்பிரிவினையைச் சரியாக உணராதவரிடமே பேரிழப்புகள் பல நேர்ந்துள்ளன. எனினும் பொறிகளிலும் குறையுண்டு. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான ‘ஸ்பெக்டர்’, ‘மெல்ட்டவுன்’ என்னும் இரு குறைபாடுகள், கணினியின் இதயமாகிய செயலியே தன் விரைவுக்காகச் செய்யும் முன்கூட்டிய கணிப்பின் வழியே மறைபொருளைக் கசியவிடக்கூடும் என்று காட்டின. அடுத்த அறையின் பேச்சு சுவர் வழியே கேட்பது போன்றது அது.

கோர்பட்டோ நெடுநாள் வாழ்ந்தார். முதுமையில் அவரைச் செய்தியாளர் கண்டபோது, கடவுச்சொல் என்பது ஒரு கொடுங்கனவாகிவிட்டது என்று அவர் வருந்தினார். தம்முடைய கடவுச்சொற்களையும் அவர் தாளிலே குறித்து வைத்திருந்தாராம். 2019ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், தம் 93ஆம் அகவையில் அவர் மறைந்தார். கேபிடல் ஒன் வங்கியின் இழப்பு உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதே திங்கள் 29ஆம் நாள்.