ஆங்கிலச் சொல்வகைகள்: பினாங்கில் கற்பித்தல்

வாக்கியத்தில் வரும் சொற்களை அவை செய்யும் வேலையைக் கொண்டு பிரிக்கும் ஆங்கில இலக்கணப் பகுப்பு. பள்ளி வழக்கில் எட்டு வகை: பெயர்ச்சொல், பிரதிப்பெயர், பெயரடை, வினைச்சொல், வினையடை, முன்னிடைச்சொல், இணைப்பிடைச்சொல், வியப்பிடைச்சொல். பினாங்குத் தீவில் ஆங்கிலக் கல்விக்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பெயர், வினை, இடை, உரி என நான்காகச் சொல்லைப் பகுத்த தமிழர் மரபும் அதே தீவில் கற்பிக்கப்பட்டதால், இரு வரலாறுகளும் பல இடங்களில் சந்திக்கின்றன.

எட்டு என்னும் கணக்கு ஆங்கிலத்துக்குள் பிறந்ததன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான டயோனீசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணத்தில் அது காணப்படுகிறது. நூல் முழுவதும் அவர் எழுதியதுதானா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. லத்தீனில் ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் ‘எ’, ‘தி’ போன்றது) கிடையாது. அங்கே அதை நீக்கி வியப்பிடைச்சொல்லைச் சேர்த்து எட்டை நிலைநிறுத்தினர். முதல் ஆங்கில இலக்கணம் எனப் பொதுவாகக் கருதப்படும் வில்லியம் புல்லோக்கரின் சிறுநூல் (1586) லத்தீன் வழியிலேயே சென்றது. லிண்ட்லி மரே 1795இல் ஆர்ட்டிகிளைத் தனி வகையாக்கி ஒன்பது என்றார். பின்வந்த பள்ளி நூல்கள் பல அதைப் பெயரடைக்குள் அடக்கி, மீண்டும் எட்டுக்கே வந்தன.

பினாங்கு பிரீ ஸ்கூல் 1816 அக்டோபர் 21இல் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் முயற்சியால் நிறுவப்பட்டது. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளியாக அது மதிக்கப்படுகிறது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமும் அப்பள்ளியின் தமிழ் வகுப்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அதன் 200ஆம் ஆண்டு 2016இல் கொண்டாடப்பட்டது. அவ்வகுப்பு பள்ளியோடு அன்றே தொடங்கியதா, சற்றுப் பின்னரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நெடுநாள் நீடிக்கவில்லை என்பர்.

பினாங்கின் வேறு இரு ஆங்கிலப் பள்ளிகளான தூய சேவியர் பள்ளியும் லைட் தெரு கான்வென்ட்டும் 1852இல் தோன்றின.

சொல்வகைப் பாடம் செழித்தது 1890களிலிருந்துதான். பினாங்கை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் வந்த காலம் அது. 1885இல் ஏற்பட்ட அரசி உதவித்தொகை கல்வித் தேர்ச்சிக்கு உயர்ந்த பரிசாக விளங்கியது. பிரீ ஸ்கூல் மாணவர் வூ லியன் தே 1896இல் அதை வென்று கேம்பிரிட்ஜ் சென்றார். வட இந்தியக் கல்வித்துறையில் பணியாற்றிய ஜே. சி. நெஸ்ஃபீல்டின் இலக்கண வரிசை இந்தியாவிலும் மலாயாவிலும் பரவியது. 1930களின் நடுவில் ரென், மார்ட்டின் இருவரின் நூல் அதனுடன் சேர்ந்தது.

அக்காலத்து வகுப்பறையின் உயிர் ‘பார்சிங்’ என்னும் பயிற்சி. வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் தனியே எடுத்து, அதன் வகை, பால், எண், இடம், வேற்றுமை, எச்சொல்லோடு உறவு என எழுதவேண்டும். ‘வெல்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். ‘தி வெல் இஸ் டீப்’ என்றால் அது கிணறு, பெயர்ச்சொல். ‘ஷீ சிங்ஸ் வெல்’ என்றால் பாடும் திறத்தைக் குறிக்கும் வினையடை. ‘ஐ ஆம் வெல்’ என நலம் சொல்லும்போது பெயரடை. கண்ணீர் ததும்பும் ‘டியர்ஸ் வெல் அப்’பில் வினை. ‘வெல், கம் இன்’ என்று வரவேற்கையில் வியப்பிடை. எழுத்து ஒன்றும் மாறவில்லை. இடம் மாறியது, வகையும் மாறியது. ‘அழகான’, ‘அழகாக’ என ஈற்றிலேயே வேலையைக் காட்டும் மொழியிலிருந்து வந்த பிள்ளைக்கு, சொல்லை விட்டு வாக்கியத்தைப் பார்க்கக் கற்றுத்தந்த பயிற்சி இது. அவ்வகையில் இதற்கு இணையான பள்ளிப்பாடம் அரிது.

முன்னிடைச்சொல் தமிழ் மாணவரைத் தனியே சோதித்தது. ‘பெட்டியில்’ என்பதில் உருபு பெயருக்குப் பின் நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘இன்’ முன்னே வந்துவிடும். அண்டை அயலில் மலாய் பேசிப் பழகிய பினாங்குச் சிறுவருக்கு இம்முறை அந்நியமன்று: ‘டி’, ‘கெ’, ‘டாரி’ மூன்றும் மலாயில் பெயருக்கு முன்னரே வருவன. ஆர்ட்டிகிளுக்கு அப்படித் துணை கிடைக்கவில்லை. தமிழிலும் மலாயிலும் அதற்கு நேரான வகை இல்லாததால், ‘தி’ விடுபடுவது இரு மொழிப் பிள்ளைகளிடமும் காணப்படும் பிழை.

மலாய் இலக்கணமும் சொற்களை வகை பிரித்தது. மலாய் அறிஞர் ஸாஅபாவின் ‘பெலித்தா பஹாசா மெலாயு’ (1940) அவற்றை ஐந்தாக்கியது. 1980களில் வெளியான ‘தாத்தாபஹாசா டேவான்’ நான்காகச் சுருக்கி, முன்னிடை, இணைப்பிடை முதலியவற்றைக் ‘காத்தா துகாஸ்’ என ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்தது. தமிழின் இடைச்சொல்லுக்கு அது மிக அருகில் நிற்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று வந்ததென இதைக்கொண்டு கூறவியலாது.

ஆங்கிலத்திலும் எல்லாரும் எட்டோடு நிற்கவில்லை: அமெரிக்கரான சார்லஸ் ஃபிரீஸ் 1952இல் எட்டையே கைவிட்டு, நான்கு பெருவகையும் பதினைந்து சிறு தொகுதியுமாகப் பகுத்தார்.

ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970 முதல் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. ஆங்கிலம் ஒரு பாடமானது. 2011இல் அறிமுகமான தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் இலக்கணத்துக்குத் தனிக் கூறு இருந்தது. அடுத்து வந்த ஐரோப்பிய மொழித்தர அளவுகோல் சார்ந்த திட்டத்தில், தொடக்கப்பள்ளிகளுக்கு ‘சூப்பர் மைண்ட்ஸ்’ பாடநூல் தரப்பட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இன்று தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றின் சொல்வகைகளையும் ஒரே பள்ளியில் கற்கின்றனர்.