ஹை-ரெஸ் ஜாஸ்: எண்ணைப் பார்க்கணுமா, டேப்பைப் பார்க்கணுமா?

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-இல் வெளியான ஜாஸ் ஆல்பம். இன்று அது 24-பிட்/192 கிலோஹெர்ட்ஸ் ஹை-ரெஸ் ஃபைலாகவும் கிடைக்கிறது. அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

அந்த எண்கள் சொல்வது என்ன?

சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை, 16 பிட்டில் அளக்கப்படுகிறது. இந்த ஹை-ரெஸ்ஸில் 1,92,000 முறை, 24 பிட்டில். ஆனால் நம் காதுக்கு எட்டுவது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு சிடியே போதும். 24 பிட்டின் பலன் பெரும்பாலும் ஸ்டுடியோவில் மிக்ஸிங் செய்பவர்களுக்குத்தான்.

அப்போ வித்தியாசமே தெரியாதா?

தெரியலாம், காரணம் வேறு. எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், எப்படி மாஸ்டர் செய்தார்கள் என்பதே முக்கியம். இந்த ஆல்பமே அதற்குச் சாட்சி. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் நடந்த ரெக்கார்டிங்கில் மாஸ்டர் டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் போட்டபோது, முதல் மூன்று டிராக்குகளும் வேகம் கூடி, சுருதி லேசாக ஏறி ஒலித்தன. 30 ஆண்டுகளுக்கும் மேலாக ரசிகர்கள் கேட்டது அதைத்தான். 1992-இல், பேக்கப்பாக ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பிலிருந்து வேகத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் வந்தது சிடியில், ஹை-ரெஸ்ஸில் அல்ல.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

- எந்த ஆண்டு ரீமாஸ்டர், எந்த டேப்பிலிருந்து என்று பாருங்கள். பழைய டிஜிட்டல் மாஸ்டரையே பெரிய ஃபைலாக்கியிருந்தால் புதிதாக எதுவும் கேட்காது.
- சாதாரண ப்ளூடூத் இயர்பட்ஸில் ஒலி சுருக்கப்பட்டுத்தான் வரும். ஒயர் ஹெட்ஃபோன் நல்லது.
- ஐபோனில் 48 கிலோஹெர்ட்ஸைத் தாண்ட, தனியாக ஒரு டிஏசி கருவி வேண்டும்.